கையெழுத்து எதற்கு என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்

தமிழ்நாட்டின் ஆவண எழுத்தர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையிலும், ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் உள்ள ஒற்றை அறையிலும் உட்கார்ந்து ஊர்ச் சொத்தையெல்லாம் கைமாற்றி எழுதுகிறவர்கள் நீங்கள். இந்த மடலை அமைச்சருக்கோ நீதிபதிக்கோ எழுதியிருக்கலாமே என்று என் மகள் கேட்டாள். அவர்களை நான் வாழ்நாளில் ஒரு முறையும் நேரில் பார்த்ததில்லை. உங்களைப் பார்த்திருக்கிறேன். என் கையைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தியவர் உங்களில் ஒருவர்தான்.

1997ஆம் ஆண்டு. அப்பா இறந்து ஓராண்டு முடிந்திருந்தது. பஞ்சாலையில் மேஸ்திரியாக இருந்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து 2 ஏக்கர் 40 சென்ட் நிலமும் ஓர் ஓட்டு வீடும் வாங்கியிருந்தார். உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா, அண்ணன், நான், தங்கை என்று வாரிசுகள் நான்கு பேர். அண்ணன் வாடகைக் கார் ஒன்றில் எங்களை அழைத்துப் போனான். வழியில் நிறுத்தி இட்லியும் வாங்கிக் கொடுத்தான். உங்கள் தொழில் சகோதரர் ஒருவரின் அறையில் பத்திரம் ஏற்கெனவே தட்டச்சு ஆகி, துளையிட்டு, நூல் கோத்துத் தயாராக இருந்தது. பெண்கள் நாங்கள் மூவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் மட்டும் ஒரு கேள்வி கேட்டேன். ‘இது என்ன பத்திரம் ஐயா?’

‘விடுதலைப் பத்திரம் அம்மா. உங்களுக்கு எந்த வருஷம் கல்யாணம்?’

‘1982.’

‘அப்படியானால் உங்களுக்குப் பங்கே கிடையாது. 89க்குப் பிறகு கல்யாணம் ஆனவர்களுக்குத்தான் சட்டம். இது சும்மா ஒரு சம்பிரதாயம். பட்டா மாற்ற வேண்டுமல்லவா?’

தன் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் பத்திரம் அது. தலையாட்டினேன். உள்ளே சார்பதிவாளர், கையெழுத்து என்னுடையதுதானா, சம்மதம்தானா என்று கேட்டார். இரண்டுக்கும் ஆம் என்றேன். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்பதே சட்டம் அவருக்குத் தந்த வேலை. எழுதியிருப்பது என்ன என்று எனக்குச் சொல்லும் வேலை அந்த நீண்ட வரிசையில் யாருக்கும் இல்லை.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்போது நான் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956 என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். இரண்டு மதிப்பெண் வினா அது. பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். அந்த இரண்டு மதிப்பெண்ணுக்குள் என் வீட்டுக் கிணறும் களத்துமேடும் இருக்கின்றன என்பது எனக்கு உறைக்கவில்லை.

2019இல் அண்ணன் மகன் நிலத்தில் ஒரு பகுதியை விற்பதற்காக நகல் எடுத்தபோதுதான் அந்தப் பத்திரத்தை முதன்முதலாக முழுவதும் படித்தேன். உங்கள் உரைநடைக்கு ஓர் அழகு உண்டு. அதை மறுக்க மாட்டேன். ‘யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, நல்ல நினைவுடன், மனப்பூர்வமாகச் சம்மதித்து’ என்று மூச்சு விடாமல் போகிறது. நடுவில் ஒரு வரி: ‘பிரிவுபடாத 4ல் 1 பங்கு பாத்தியத்தை’ விடுதலை செய்கிறேன் என்று. நான்கு முறை படித்தேன். எனக்குப் பங்கே கிடையாது என்று வாயால் சொன்ன அதே மனிதர், எனக்கு நான்கில் ஒரு பங்கு இருக்கிறது என்று முத்திரைத்தாளில் எழுதியிருக்கிறார். பங்கு இல்லாதவளிடம் எதற்கு ஐயா கையெழுத்து? தெருவில் போகிற யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவீர்களா?

அவர் பொய் சொன்னார் என்றுகூட நான் நினைக்கவில்லை. இரண்டு சட்டங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டார். அந்தக் குழப்பம் இன்றும் உங்கள் அறைகளில் உலவுகிறது என்பதால்தான் கொஞ்சம் பழைய கதையைச் சொல்கிறேன். பாடம் நடத்திய பழக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1917 டிசம்பரில் சென்னைக்கு வந்த, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவைச் சந்தித்து, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று சரோஜினி நாயுடு தலைமையில் ஒரு பெண்கள் குழு கேட்டது. அதே ஆண்டில்தான் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. 1921இல் சென்னை மாகாணம், இந்திய மாகாணங்களிலேயே முதலாவதாக, பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. இதை நம் பாடப்புத்தகங்கள் பெருமையாகச் சொல்லும். அதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை விட்டுவிடும். அன்று வாக்கு என்பது சொத்துள்ளவருக்கு, வரி கட்டுபவருக்கு உரியது. ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதி பெண்ணுக்கும் என்று தாராளமாகச் சொல்லிவிட்டார்கள். ஆனால் எத்தனை பெண்களின் பெயரில் நிலம் இருந்தது? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை எடுத்துவிட்ட கதைதான்.

அந்தப் படிக்கட்டைக் கேட்ட குரல் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் ஒலித்தது. சுயமரியாதை இயக்கத்தின் முதல் மாகாண மாநாடு அது. ஆண்களுக்கு உள்ளதுபோலப் பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசுரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் சட்டமாக எத்தனை காலம் ஆனது என்று விரல் விட்டு எண்ணினால் கை வலிக்கும்.

1937இல் ஒரு சட்டம் வந்தது. கணவனை இழந்தவளுக்குப் பங்கு உண்டு என்றது; ஆனால் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், தேவையில்லாமல் விற்க முடியாது, அவள் கண்ணை மூடியதும் கணவனின் வாரிசுகளுக்கே திரும்பிவிடும். மகளுக்கு அதில் ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு, வேளாண் நிலத்துக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 1941இல் கூட்டாட்சி நீதிமன்றம் சொன்னது. நிலம் தவிர வேறு என்ன சொத்து இருந்தது அன்றைக்கு?

பிறகு, இந்துச் சட்டத்தைத் திருத்த அரசு அமைத்த பி. என். ராவ் குழு. மகனுக்குக் கிடைப்பதில் பாதி மகளுக்குத் தரலாம் என்றது. அம்பேத்கர் முன்னெடுத்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில், தேர்வுக் குழுவின் கையில், அந்தப் பாதி முழுப் பங்காக உயர்ந்தது. அவ்வளவுதான், நாடே கொதித்தது. நிலம் துண்டு துண்டாகச் சிதறும், அண்ணன் தங்கை உறவு கெடும், மருமகன் வீட்டுக்குள் நுழைவான் என்றார்கள். எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து எங்கள் ஊர் டீக்கடையிலும் இதே மூன்று வாதங்களைக் கேட்கிறேன், ஒரு சொல்கூட மாறாமல். அண்ணனும் தம்பியும் பிரித்துக்கொண்டால் சிதறாத நிலம் தங்கை கேட்டால் மட்டும் சிதறுவது என்ன விந்தை என்பதற்கு அன்றும் யாரும் விடை சொல்லவில்லை. ரேணுகா ராய், துர்காபாய் தேஷ்முக் போன்றவர்கள் அவையில் மன்றாடினார்கள். நான்கு பிரிவுகளைத் தாண்டாமல் மசோதா கைவிடப்பட்டது. 1951 செப்டம்பரில் அம்பேத்கர் சட்ட அமைச்சர் பதவியை விட்டு விலகினார். காரணங்களில் இதுவும் ஒன்று.

அதைத் துண்டு துண்டாக்கித்தான் 1955, 1956இல் நான்கு சட்டங்களாக நிறைவேற்றினார்கள். அதில் ஒன்றுதான் என் இரண்டு மதிப்பெண் வினா. 1956 ஜூன் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வரி இங்கே இருக்கிறது: தந்தை தாமே சம்பாதித்த சொத்துக்கு உயில் எழுதாமல் இறந்தால், மகனும் மகளும் மனைவியும் தாயும் சம பங்கு வாரிசுகள். மகளுக்குக் கல்யாணம் ஆனதா, எந்த ஆண்டு ஆனது என்ற கேள்வியே அந்தச் சட்டத்தில் இல்லை. என் அப்பா வாங்கிய நிலத்தில், அவர் இறந்ததுமே எனக்குப் பங்கு வந்தது இந்த வழியில்தான். 1989க்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது.

1989 எங்கிருந்து வந்தது என்றால், பூர்வீகச் சொத்திலிருந்து. அங்கே 1956 சட்டம் ஒரு சமரசம் செய்துகொண்டது. பிறப்பால் வரும் பங்கு ஆண்களுக்கு மட்டுமே என்ற பழைய முறையைத் தொடாமல் விட்டது. கணக்கு இப்படிப் போகும்: தாய் இல்லை, தந்தைக்கு ஒரு மகன், ஒரு மகள், பூர்வீகம் 4 ஏக்கர். தந்தை இறந்தவுடன் முதலில் தந்தைக்கும் மகனுக்கும் பிரித்ததாகப் பாவித்து ஆளுக்கு 2 ஏக்கர். பிறகு தந்தையின் 2 ஏக்கரை மகனும் மகளும் பாதிப்பாதி. ஆக மகனுக்கு 3 ஏக்கர், மகளுக்கு 1. குடியிருக்கும் வீட்டிலோ, ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள மனம் வைக்கும்வரை பெண் பாகப்பிரிவினை கேட்கவே முடியாது என்று 23ஆம் பிரிவு வேறு.

இதை ஆந்திரம் 1986இல் திருத்தியது. தமிழ்நாடு அடுத்து வந்தது; 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குரிமை பெற்றாள். அதில்தான் அந்த வேலி இருந்தது: அந்த நாளுக்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு இல்லை. ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு. தாலி கட்டிய தேதியை வைத்துப் பங்கைக் கணக்கிட்ட காலம் அது. இந்த வேலியைத்தான் உங்களில் பலர் இன்னும் மனத்தில் சுமக்கிறீர்கள். மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தபோது வேலி போய்விட்டது. 23ஆம் பிரிவும் போய்விட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு புது வேலி போட்டது; 2020 ஆகஸ்ட் 11 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதையும் பிடுங்கி எறிந்தது. உரிமை பிறப்பால் வருவது, தந்தை இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்றது. ‘அப்போதே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்’ என்று சொல்வதையும் எளிதில் ஏற்கக் கூடாது என்று சேர்த்துச் சொன்னது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையை யாரும் கலைக்க முடியாது, அது வேறு. தந்தை தம் சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம், அதுவும் வேறு.

2022 ஜனவரியில் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இன்னும் பின்னோக்கிப் போனது. மகன் இல்லாத தந்தை 1956க்கு முன்பே இறந்திருந்தாலும் அவர் தாமே தேடிய சொத்து மகளுக்குத்தான், அண்ணன் தம்பி பிள்ளைகளுக்கு அல்ல என்றது. (கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை தனி. திருவிதாங்கூரின் 1916 சட்டப்படி மகளுக்கு, மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. எது குறைவோ! மேரி ராய் என்ற ஒரு பெண் உச்ச நீதிமன்றம்வரை போய் 1986இல் அதை வீழ்த்தினார்.)

நம் மொழியையே பாருங்கள். பங்குரிமை உள்ளவனைப் ‘பங்காளி’ என்கிறோம். அந்தச் சொல்லைக் கேட்டதும் மீசை வைத்த ஒருவர்தான் நினைவுக்கு வருகிறார். ஒரு பெண்ணை யாராவது பங்காளி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சட்டம் அவளைப் பங்காளியாக்கி இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. பேச்சு இன்னும் வந்து சேரவில்லை. உங்கள் கிரயப் பத்திரத்தில் ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று ஒரு வரி வரும். பெண்ணே வாங்கி, பெண்ணுக்கே எழுதினாலும் புத்திரனும் பௌத்திரனும்தான் ஆண்டு அனுபவிக்கிறார்கள்.

என் அண்ணன் கெட்டவன் அல்ல. பொங்கலுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் புடவையுமாக, இறந்த ஆண்டு வரைக்கும் சீர் கொண்டுவந்தான். என் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமனாக மடியில் வைத்துக்கொண்டான். எனக்குக் கல்யாணத்தில் போட்ட நகையையும் செய்த சீர்வரிசையையும் கணக்கு வைத்திருந்தான். அதுதான் என் பங்கு என்று உண்மையிலேயே நம்பினான். வீட்டுக்கு வீடு இந்தக் கணக்குதான் நடக்கிறது. நகையில் பாதி கணவர் வீட்டு அவசரத்துக்கு அடகு போனது, மீட்டது, மறுபடி போனது. நிலம் எங்கும் போகவில்லை. எங்கள் ஊருக்குப் புறவழிச்சாலை வந்தது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம், நிலத்துக்கு அரசு வைக்கும் வழிகாட்டி மதிப்பு உங்களுக்குத்தானே மனப்பாடம்.

வழக்குப் போடலாம் என்றாள் தங்கை. ஏமாற்று தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றார் வழக்கறிஞர். போகவில்லை. அண்ணன் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணியோடு நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்க எனக்கு மனம் வரவில்லை. பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற அச்சமும் இருந்தது. அறுபது வயதுக்கு மேலும் அந்த அச்சம் போகாது என்பதை அப்போதுதான் அறிந்துகொண்டேன். இந்தியாவின் வேளாண் கணக்கெடுப்பில், நிலத்தை நடத்துபவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம் என்று 2015-16 கணக்கு சொல்கிறது. நாற்று நடுகிறவர்களில், களை எடுக்கிறவர்களில் எத்தனை பேர் பெண்கள் என்று வயல் பக்கம் போய் எண்ணிவிட்டு அந்த 14ஐப் பாருங்கள். இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி உங்கள் மேசை வழியாகத்தான் போயிருக்கிறது.

எல்லா விடுதலைப் பத்திரமும் வஞ்சகம் என்று நான் சொல்லவில்லை. என் தோழி ஒருத்தி, மாற்றுத்திறனாளியான தம்பிக்குத் தன் பங்கை முழு மனத்தோடு எழுதிக் கொடுத்தாள். கொடுத்தது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இன்றும் அந்த வீட்டில் அவளுக்கு இருக்கும் மரியாதையே தனி. என்னுடைய பங்கோ எனக்குத் தெரியாமலே போனதால், ஒரு நன்றிச் சொல்கூட அதற்குக் கிடைக்கவில்லை. சம்பிரதாயத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்?

உங்களிடம் சட்டத் திருத்தம் கேட்க நான் வரவில்லை. விடுதலைப் பத்திரம் எழுத ஒரு குடும்பம் வந்தால், பணம் கொடுக்கிற அண்ணன் தம்பிகளைப் பத்து நிமிடம் வெளியே டீ குடிக்க அனுப்புங்கள். உள்ளே இருக்கும் பெண்ணிடம் பத்திரத்தை வாசித்துக் காட்டுங்கள், அந்த ‘பிரிவுபடாத’ வரியில் நிறுத்தி, இதுதான் உங்கள் பங்கு, இன்றைய வழிகாட்டி மதிப்பில் இத்தனை ரூபாய் என்று சொல்லுங்கள். அவள் எழுத்தறியாதவளாக இருந்தால் இரண்டு முறை சொல்லுங்கள். ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு’ என்று தட்டச்சு செய்வதற்கு முன், பெற்றுக்கொண்டாளா என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அவள் கையெழுத்துப் போட்டால் அது அவள் விருப்பம். உங்களுக்குக் கூலி எப்படியும் வரும். ஒருவேளை அவள் மறுத்துவிட்டாலும் நட்டமில்லை. விடுதலைப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்குப் பக்கங்கள் அதிகம்.

இன்னொரு செய்தி. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்று தமிழ்நாடு அரசு அறிவித்திருப்பதால், மனைவி பெயரில், மகள் பெயரில் என்று பலர் வருவார்கள். அப்படிப் பதிகிற பெண்ணிடம் உயில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை இல்லாமல், கணவனையும் இழந்த பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவள் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, அவளைப் பெற்றவர்களுக்கு முன்பாகக் கணவனின் வாரிசுகளுக்குப் போகும் என்று 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவு இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. கணவன் இறந்ததும் புகுந்த வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, தாய் வீட்டில் இருந்து படித்து வேலைக்குப் போய்ச் சேர்த்த ஒரு பெண்ணின் பணம், துரத்திய வீட்டாருக்கே போய்ச் சேர்ந்தது. 2009இல் உச்ச நீதிமன்றமே வேறு வழியில்லை என்று கைவிரித்தது. இதை மாற்ற வேண்டியவர்கள் நாடாளுமன்றத்தில் இருக்கிறார்கள். அதுவரை ஒரு பக்க உயில் போதும், அதை எழுதுவது உங்கள் தொழில்.

வருகிற தை மாதம் நானும் உங்களில் ஒருவரிடம் வருவேன். ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதியாகத் தான செட்டில்மெண்ட் எழுத வேண்டும். இருவரும் கூட வருவார்கள். பெஞ்சில் உட்கார மாட்டார்கள், உங்கள் எதிரே நாற்காலி போடச் சொல்வேன். ‘புத்திர பௌத்திர’ என்று கை பழக்கத்தில் வந்துவிட்டால் அடித்துவிட்டுப் ‘புத்திரி’யையும் சேர்த்து எழுதுங்கள். முத்திரைத்தாளில் ஏற்றுவதற்கு முன் வரைவை ஒரு முறை உரக்க வாசித்துக் காட்டுங்கள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை ஒருத்தி